அப்புவின் கணக்குக் கொப்பியும் எங்கள் ஊர்ச் சங்கங்களும்

புத்தாண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி எங்கள் சங்கச் செயலாளர் அண்ணை கேட்டபோது நான் முதலில் மறுத்துவிட்டேன். ஏ.எல். பரீட்சையோடு படிப்பை விட்டவன் நான். ஒரு பிளாஸ்ரிக் பக்டரியில் இரவு வேலை. பேனை பிடிக்கிறது வேலை முடிஞ்சு நேரம் எழுதிக் கையொப்பம் போட மட்டும்தான். "நீர் அண்டைக்குக் கூட்டத்தில சீட்டைப் பற்றிக் கதைச்சீர் அல்லோ, அதையே எழுதும். எல்லாருக்கும் உதவும்" என்றார். சீட்டைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் என் அப்புவைப் பற்றி எழுத வேண்டும். அப்புவைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி எழுத வேண்டும். ஆகவே கட்டுரை கொஞ்சம் நீளமாகப் போனால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னர் நாங்கள் இருபது பேர் சேர்ந்து மாதம் 500 டொலர் சீட்டுப் போட்டோம். எல்லாரும் எங்கட ஆக்கள்தான். கழிவு கேட்டு எடுக்கிற சீட்டு. அவசரக்காரர் முதலில் எடுத்தார்கள். எனக்கு அவசரமில்லை, கடைசியில் எடுத்தால் கழிவுக் காசும் சேரும் என்று இருந்தேன். பன்னிரண்டு மாதம் ஒழுங்காக நடந்தது. பதின்மூன்றாம் மாதம் சீட்டுப் பிடித்தவர் போனை எடுக்கவில்லை. அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாராம். என் 6,000 டொலரும் போனது. எடுத்தவர்களில் இரண்டு பேர் "நாங்கள் அவரிட்டைத்தானே கட்ட வேணும், உங்களுக்கு ஏன்?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். இண்டைக்கும் கோயிலில் கண்டால் தலையைத் திருப்புகிறோம், அவர்களும் நானும்.

ஊருக்குப் போன் எடுத்து அம்மாவுக்குச் சொன்னேன். காசு போனதுக்கு அவ கவலைப்பட்டா. பிறகு ஒரு கேள்வி கேட்டா: "தம்பி, எடுத்தவைக்குப் பிணை நிண்டது ஆர்?" ஒருவரும் இல்லை என்றேன். "உன்ர அப்பு இருந்திருந்தா உனக்குச் செவிட்டைப் பொத்தித் தந்திருப்பார்" என்றா.

என் அப்பு, அம்மாவின் தகப்பன், வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு சின்னச் சிக்கனக் கடன் சங்கத்தின் தனாதிகாரியாக இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தவர். சம்பளம் ஒரு சதம் இல்லை. புகையிலையும் வெங்காயமும் செய்கிற தோட்டக்காரன். அவருடைய கணக்குக் கொப்பி இண்டைக்கும் எங்கட வீட்டில் இருக்கிறது. அந்தக் கொப்பியில் எழுதியிருக்கிற சங்கம் எங்கிருந்து வந்தது என்று அறிய நான் கொஞ்சம் தேடி வாசித்தேன். வாசித்ததில் எனக்கு விளங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கூட்டுறவு எங்கட சாமான் இல்லை, வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. 1844 ஆம் ஆண்டு மார்கழி மாதம் இங்கிலாந்தின் ரொச்டேல் என்ற ஊரில் நெசவாளர்களும் வேறு தொழிலாளிகளுமாக 28 பேர் சேர்ந்து, 28 பவுண் முதலோடு ஒரு கடை திறந்தார்கள். மா, வெண்ணெய், சீனி, மெழுகுதிரி, இவ்வளவுதான் சாமான். அக்காலத்தில் ஆலைக்காரர்களுக்கு மாவில் கலப்படம் செய்து கடனுக்கு விற்பார்கள். இவர்கள் கலப்படம் இல்லாமல், கைக்காசுக்கு மட்டும் விற்றார்கள். வந்த இலாபத்தை, வாங்கின அளவுக்குப் பங்கிட்டார்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு. இதை வாசித்தபோது அவர்களும் என்னைப்போல் மெசினுக்குப் பக்கத்தில் நின்றவர்கள்தானே என்று எனக்கு ஒரு ஒட்டு வந்தது.

அது கடை. கடன் சங்கம் பிறந்தது ஜேர்மனியில். றைபைசன் என்ற ஊர்த்தலைவர் 1846, 47 ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்கு மாவும் பாணும் கொடுத்துப் பார்த்தார். தருமம் கொடுத்தால் நாளைக்கும் தருமம் வேண்டும் என்று கண்டு, பிறகு தோட்டக்காரர்களையே ஒன்று சேர்த்து, ஒருவர் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு என்ற முறையில் 1864 இல் ஒரு கடன் சங்கம் ஆக்கினார். சென்னை அரசாங்கம் நிக்கல்சன் என்ற அதிகாரியை இதைப் படித்து வர ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அவருடைய அறிக்கை 1895 இலும் 1897 இலும் வெளிவந்தது. 1904 இல் இந்தியாவில் சட்டம் வந்தது. அதே வருடம் திருவள்ளூருக்குப் பக்கத்தில் திரூரில் கடன் சங்கம் பதிவாகியது, சென்னைத் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுக் கடை திறந்தது.

இலங்கைக்குச் சட்டம் வந்தது 1911 இல். அந்தச் சட்டத்தில் கடன் சங்கம் மட்டும்தான் நடத்தலாம். 1921 இல் திருத்தி மற்றச் சங்கங்களுக்கும் இடம் விட்டார்கள். யாழ்ப்பாணத்தார் இதைப் பிடித்துக்கொண்ட வேகம் ஆச்சரியமானது. 1929 இல் யாழ்ப்பாணத்தில் கூட்டுறவு வங்கி தொடங்கியது. இலங்கையில் இந்த வகையில் முதலாவது அதுதான் என்று சொல்கிறார்கள். கொழும்பில் இல்லை, கண்டியில் இல்லை, எங்கட ஊரில்.

ஏன் இந்த வேகம்? தோட்டக்காரனுக்குக் காசு வருகிறது வருடத்தில் ஒருக்கால், செலவு மாதா மாதம். புகையிலைக் கன்று நட வேண்டும், எரு வாங்க வேண்டும், துலாவில் தண்ணீர் இறைக்க ஆள் பிடிக்க வேண்டும். அதற்கு வட்டிக்குக் காசு கொடுக்கிறவரிடம் போனால் காணியை ஈடு வைக்க வேண்டும். இரண்டு வருடம் மழை பிழைத்தால் ஈடு அறுதியாக மாறிவிடும். சொந்தக் காணியிலேயே குத்தகைக்காரனாகத் தோட்டம் செய்தவர்களை அப்பு பெயர் சொல்லிக் காட்டுவார்.

சங்கம் எப்படி நடந்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எங்கட சீட்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் கிடக்கிறது. ஒரு ஊருக்குள், ஒருவரை ஒருவர் தெரிந்த ஆக்கள் மட்டும்தான் அங்கத்தவர். நுழைவுக்குப் பங்குப் பணம் கட்ட வேண்டும், மாதா மாதம் சிறு தொகை சேமிக்க வேண்டும். இந்தச் சேமிப்போடு, வங்கியிடம் சங்கத்தின் பெயரில் எடுத்த கடனையும் சேர்த்து அங்கத்தவருக்குக் கொடுக்கலாம். வங்கி தனி ஆளைப் பார்க்காது, சங்கத்தைத்தான் பார்க்கும். சங்கம் கட்டாவிட்டால் எல்லா அங்கத்தவரும் தங்கட சொத்தோடு பொறுப்பு. இதற்கு எல்லையற்ற பொறுப்பு என்று பெயர். கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பயம்தான் சங்கத்தின் காவல் நாய். பக்கத்து வீட்டுக்காரன் மாடு வாங்கக் கடன் எடுத்துப்போட்டு மகளின் சாமத்தியச் சடங்கில் செலவழித்தால், நாளைக்கு உன் காணியும் ஆட்டம் காணும். ஆகவே நீ அவன் வீட்டுத் தொழுவத்தை எட்டிப் பார்ப்பாய், மாடு நிற்குதோ என்று.

கடன் கேட்கிறவர் என்ன தேவைக்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு அங்கத்தவர் பிணை நிற்க வேண்டும். ஆளுக்கு இவ்வளவுதான் கடன் என்று பொதுக்கூட்டத்தில், அந்த ஆளும் இருக்கத்தக்கதாக, கதைத்து முடிவு செய்வார்கள். கொமிற்றி ஆட்களுக்குச் சம்பளம் இல்லை. தவணை பிந்தினவர் பெயரை மாதக் கூட்டத்தில் வாசிப்பார்கள். அப்பு சொல்வார், வழக்குப் போட்டு வாங்கின காசை விட, பெயரை வாசித்து வாங்கின காசு கூட என்று. இலாபத்தில் ஒரு பங்கு ஒதுக்கு நிதிக்குப் போகும், அதைப் பங்கு போட்டுத் தின்ன முடியாது. வருடத்துக்கு ஒருக்கால் திணைக்களத்திலிருந்து கணக்காய்வுக்கு வருவார்கள். அன்றைக்கு எங்கட வீட்டில் புட்டும் முட்டைப் பொரியலும் என்று அம்மாவுக்கு இண்டைக்கும் ஞாபகம். ஆனால் கணக்குப் பிழை என்றால் முட்டைப் பொரியல் உதவாது.

இப்படிப்பட்ட சங்கங்கள் சேர்ந்து சமாசம், சமாசங்கள் சேர்ந்து சபை என்று மேலே போனது. யாழ்ப்பாணத்தில் வீரசிங்கம் மண்டபத்தில் நாடகமோ பொருட்காட்சியோ பார்க்காத ஆள் குறைவு. அது கூட்டுறவாளர்களின் கட்டடம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்தவரும், 1952 இல் வட்டுக்கோட்டைத் தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்றவருமான வீ. வீரசிங்கம் அவர்கள் வடபகுதிக் கூட்டுறவின் பெரிய தூண். அவர் பெயரைத்தான் மண்டபத்துக்கு வைத்தார்கள். 1974 ஆம் ஆண்டு தை 10 ஆம் திகதி, தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில், சனம் செத்ததும் அந்த மண்டபத்தின் முன்னால்தான்.

புகையிலையைப் பற்றிச் சொல்லாமல் யாழ்ப்பாணக் கூட்டுறவைச் சொல்ல ஏலாது. எங்கட புகையிலையில் ஒரு வகை மலையாளத்துக்கு, அதாவது திருவிதாங்கூருக்குப் போனது. நடுவில் வியாபாரி. நட முதலே முற்பணம் கொடுத்து, விளைந்த பிறகு அவன் சொன்ன விலை. 1930களில் இதற்கென்றே மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனவுச் சங்கம் ஒன்றை ஆக்கி, தோட்டக்காரர் தாங்களே தரம் பிரித்து அனுப்பினார்கள். அப்புவின் தகப்பன் அதில் அங்கத்தவர். பிறகு இந்தியா சுதந்திரம் அடைந்து, சுங்க வரிகள் கூடி, அந்தச் சந்தை சுருங்கியது. சங்கம் நேர்மையாக நடந்தாலும் கடலுக்கு அங்காலை ஒரு அரசாங்கம் போடுகிற வரியை அது என்ன செய்யும்? இதை ஏன் சொல்கிறேன் என்றால், கூட்டுறவு என்றால் சர்வரோக நிவாரணி என்று நான் எழுதுவதாக ஒருவரும் நினைக்கக் கூடாது.

எங்கட பக்கத்து ஊர் மூளாயில் 1930களின் நடுப்பகுதியில் ஒரு ஆஸ்பத்திரியையே கூட்டுறவாகக் கட்டினார்கள். இலங்கையின் முதலாவது கூட்டுறவு ஆஸ்பத்திரி. அங்கத்தவர் சந்தா கட்டுவார்கள், சங்கம் டொக்டரை வேலைக்கு வைக்கும். எங்கட அம்மா பிறந்தது அங்கேதான். நியூசிலாந்தில் வெள்ளைக்கார நண்பன் ஒருவனுக்கு இதைச் சொன்னேன். "உங்கட ஊரிலா?" என்று இரண்டு தரம் கேட்டான். அகதி என்றால் எல்லாத்தையும் வாங்கி மட்டும் பழகினவன் என்று ஒரு எண்ணம் இங்கே இருக்கிறது.

இனி, சொல்ல விருப்பமில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒருவரை ஒருவர் தெரிந்த ஆக்கள் மட்டும் அங்கத்தவர் என்று மேலே எழுதினேன். தெரிந்த ஆக்கள் என்றால் எங்கட ஊரில் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் விளங்கும். சங்கத்துக்கும் சாதி இருந்தது. பிணை வைக்கக் காணி இல்லாதவன் எப்படிச் சேருவான்? காணி ஏன் இல்லை என்றால் அது வேறு கதை இல்லை, அதே கதைதான். அப்புவின் கொப்பியில் இருக்கிற பெயர்களைப் பார்த்தால், எங்கட வளவில் பனை சீவின ஆட்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. அம்மம்மாவிடம் ஒருக்கால் ஏன் என்று கேட்டேன். "அவை கேட்கேல்லை" என்றா. கொஞ்ச நேரம் பொறுத்து, "கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டினம்" என்றா. அப்பு நேர்மையான மனிதன் என்று இவ்வளவு எழுதுகிற நான் இதை மறைத்தால் அவர் கொப்பியில் கள்ளக் கணக்கு எழுதினது போலத்தான்.

1970களின் தொடக்கத்தில் நிலைமை ஓரளவு மாறியது. அதுவரை கள்ளுத் தவறணை எடுத்த குத்தகைக்காரர்தான் இலாபம் எடுத்தார், மரத்தில் ஏறினவருக்குக் கூலி. தவறணை முறையை மாற்றி, சீவல் தொழிலாளருக்கென்றே பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களை ஆக்கினார்கள். இறக்கின கள்ளைத் தங்கட சங்கத்துக்கே கொடுத்து, அதில் ஒரு பங்கைச் சேமிப்பாக வைக்க வழி வந்தது. வடமராட்சியில் திக்கம் வடிசாலை இந்தச் சங்கங்களின் வேலைதான். எங்கட பெரிய சங்கங்கள் விழுந்த காலத்திலும் இவை பல தாக்குப் பிடித்தன. ஒரு தொழில் செய்கிறவர்களுக்கே உரித்தான சங்கம் என்றால் அதை விட்டுக்கொடுக்க ஆட்களுக்கு மனம் வராது.

சங்கக்கடை வந்தது யுத்தத்தால். எங்கட யுத்தத்தால் இல்லை, இரண்டாம் உலக யுத்தத்தால். யப்பான்காரன் பர்மாவைப் பிடிக்க அரிசி நின்றது. 1942 சித்திரையில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டான். கூப்பன் மட்டைக்கு அரிசி கொடுக்க ஊருக்கு ஊர் கூட்டுறவுப் பண்டகசாலை திறந்தார்கள். மூன்று வருடத்துக்குள் நாடு முழுக்க ஏறக்குறைய நாலாயிரம். 1957 இல் பிலிப் குணவர்த்தனா விவசாய உணவு அமைச்சராக இருந்தபோது கடன், கடை, விற்பனவு எல்லாத்தையும் ஒன்றாக்கிப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 1961 இல் மக்கள் வங்கி. 1949 இல் தொடங்கின கூட்டுறவுச் சமஷ்டி வங்கியின் வேலை அதற்குள் போனது. 1964 இலிருந்து பலநோக்குச் சங்கங்களுக்குள் கிராமிய வங்கிகள். எங்கட அம்மாமார் நகை அடகு வைத்தது பெரும்பாலும் இங்கேதான்.

பிறகு 1970, 71 இல் ஆயிரக்கணக்கான சின்னச் சங்கங்களைச் சேர்த்து முந்நூற்றுச் சொச்சம் பெரிய சங்கங்கள் ஆக்கினார்கள். 1972 இல் புதுச் சட்டம். இயக்குநர் சபைக்கு ஆட்களை நியமிக்கிற அதிகாரமும் அரசாங்கத்தின் கைக்குப் போனது. பெரிய சங்கம் என்றால் லொறி இருக்கும், களஞ்சியம் இருக்கும், மனேச்சர் இருப்பார். ஆனால் தொழுவத்தை எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. சங்கம் யாருடையது என்று கேட்டால் அரசாங்கத்துடையது என்று சனம் சொல்லத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான் என்று அப்பு கோபமாகச் சொல்வார். அவருடைய சங்கம் சின்னதாகவே இருந்தபடியால் தப்பியது என்பது அவர் கட்சி. 1978 இலிருந்து சணச என்ற பெயரில் சிங்களப் பகுதியில் இந்தச் சின்னச் சிக்கனச் சங்கங்களைத்தான் திரும்ப உயிர்ப்பித்தார்கள்.

எனக்கு நேரே தெரிந்த காலம் இனித்தான். நான் பிறந்தது 1989 இல். 1990 இலிருந்து பொருளாதாரத் தடை. சவர்க்காரம், பற்றரி, மண்ணெண்ணெய் எல்லாம் தடை, அல்லது யானை விலை. கப்பலில் வந்த நிவாரணச் சாமானைச் சனத்துக்குப் பங்கிட்டது பலநோக்குச் சங்கங்கள்தான். தராசில் கள்ளம் செய்த மனேச்சர்மாரும் இருந்தார்கள், செல்லடிக்குள் கடை திறந்தவர்களும் இருந்தார்கள். இரண்டு வகையையும் எங்கட சனம் மறக்கவில்லை.

1995 ஐப்பசி 30 ஆம் திகதி இரவு. எனக்கு ஆறு வயது. வலிகாமம் முழுக்கத் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. அப்பு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். சைக்கிள் கரியரில் ஒரு பொலித்தீன் பையால் சுற்றின பார்சல். அம்மம்மா அதில் அரிசி இருக்கிறதென்று நினைத்தா. கைதடிக்கு அங்காலை ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் விடிய அவிழ்த்துப் பார்த்தால், சங்கத்தின் பேரேடும், அங்கத்தவர் பதிவும், ஆட்கள் வைத்த பிணைப் பத்திரங்களும். அம்மம்மா அழுதா. "பிள்ளையளுக்குத் தின்ன ஒரு பிடி அரிசி கொண்டர உங்களுக்கு இடமில்லை, ஊரான்ர கடதாசியோ?" அப்பு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாங்கில் விரித்துக் காய வைத்தார்.

அடுத்த ஆறு மாதம் சாவகச்சேரிப் பக்கம் நாங்கள் இருந்த கொட்டிலுக்கு ஒவ்வொருவராக ஆட்கள் வருவார்கள். கொடுக்க அவரிடம் காசு இல்லை. ஆனால் கொப்பியைத் திறந்து, உம்முடைய சேமிப்பு இவ்வளவு, கடன் நிலுவை இவ்வளவு என்று வாசித்துக் காட்டுவார். வந்தவர்களின் முகம் மாறுகிறதை நான் கண்டிருக்கிறேன். வீடு, கிணறு, மாடு எல்லாம் போன ஆளுக்கு, தன் பெயரில் ஒரு தொகை எழுதிக் கிடக்கிறது என்பது பெரிய விசயம். 1996 இல் திரும்பிப் போனபோது எங்கட வீட்டுக்குக் கூரை இல்லை. மூன்று மாதத்தில் சங்கம் முதல் கூட்டம் வைத்தது. கடன்காரரில் சிலர் கொழும்புக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் ஐந்து வருடம் கழித்து வட்டியோடு அனுப்பினார். மூன்று பேர் இண்டைவரை அனுப்பவில்லை. அந்த மூன்று பேரின் கடனைப் பிணை நின்றவர்கள் கட்டினார்கள். அதில் ஒரு பிணை அப்புதான். ஒரு செத்தல் மிளகாய்ப் போகம் முழுக்க அதற்குப் போனது. அப்பு சொன்னது, கையெழுத்து வைக்கேக்கை எனக்குக் கண் தெரிஞ்சதுதானே என்று.

2006 ஆவணியில் ஏ9 பாதை மூடினபோது எனக்குப் பதினேழு வயது. திரும்பவும் சங்கக்கடை வரிசை. விடிய நாலு மணிக்குக் கல்லு வைத்து இடம் பிடித்து, சீனிக்கும் மாவுக்கும் நின்றிருக்கிறேன். ரியூசனுக்கு நேரமில்லை. ஏ.எல். பெறுபேறு எப்படி வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

யுத்தம் முடிந்த பிறகு வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் நடந்தது வேறு கதை. லீசிங் கொம்பனிகளும் நுண்கடன் கொம்பனிகளும் வீட்டு வாசலுக்கே வந்தன. குழுவாகப் பெண்களைச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பிணை என்று கையெழுத்து வாங்கி, கிழமைக்குக் கிழமை வசூல். பார்க்க எங்கட பழைய சங்கம் மாதிரியேதான் இருக்கும். ஆனால் வட்டி யாருக்குப் போகிறது? சங்கத்தில் வட்டி திரும்ப அங்கத்தவரிடம்தான் வரும், இங்கே அது கொழும்புக்கும் அதற்கு அங்காலையும் போனது. பிணை என்ற நல்ல ஆயுதத்தை எடுத்து, ஏழைப் பெண்ணின் கழுத்தில் வைத்தார்கள். 2018 இல் அரசாங்கம் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் சிறு கடன்களைத் தள்ளுபடி செய்ய அறிவிக்க வேண்டிய அளவுக்கு அது முற்றியது. இந்தக் கடன்களுக்கு மாற்றாகத்தான் வடக்கில் சிக்கனக் கடன் சங்கங்களைத் திரும்பத் தூக்கி நிறுத்தும் வேலைகள் நடந்து வருகின்றன.

இங்கே ஒக்லாந்திலும் அப்படித்தான். சம்பளம் வர முதல் கடன் கொடுக்கிற கடைகள் தெற்கு ஒக்லாந்தில் எத்தனை! 2020 ஆனியிலிருந்து அப்படியான கடனுக்கு ஒரு நாளைக்கு 0.8 வீதத்துக்கு மேல் வட்டி எடுக்கக் கூடாது, எடுத்த முதலுக்கு மேல் வட்டியும் கட்டணமும் போகக் கூடாது என்று சட்டம். சட்டம் நல்லது. ஆனால் ஒரு நாளைக்கு 0.8 என்றால் நூறு டொலருக்கு மாதத்தில் 24 டொலர். அப்புவின் கொப்பியில் மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று.

இந்த நாடே கூட்டுறவில் கொழுத்த நாடு என்பதையும் நான் இங்கே வந்துதான் அறிந்தேன். 1871 இல் ஒற்றாகோவில் சில விவசாயிகள் சேர்ந்து பாற்கட்டி செய்யக் கூட்டுறவாகத் தொடங்கினது, வளர்ந்து வளர்ந்து 2001 இல் பொன்ரெறா ஆனது. ஊரில் நாங்கள் கரைத்துக் குடித்த அங்கர் மா யாருடைய பால் என்று நினைத்தீர்கள்? இங்கத்தைய விவசாயக் கூட்டுறவின் பால். தடைக் காலத்தில் அந்தப் பேணி ஒன்று கிடைத்தால் அம்மம்மா அலுமாரியில் பூட்டி வைப்பா. ஒரு வித்தியாசம், பொன்ரெறாவில் கூடப் பால் கொடுக்கிறவருக்கு வாக்கும் கூட. ரொச்டேல்காரர் இதற்கு ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பாக் அண்ட் சேவ் கூடக் கடைச் சொந்தக்காரர்களின் கூட்டுறவுதான், சாமான் வாங்குகிற எங்கட கூட்டுறவு இல்லை. 1928 இல் அரச ஊழியர் தங்களுக்குள் தொடங்கின சேமிப்புச் சங்கம் ஒன்று 2011 இல் வங்கியாகவே பதிவாகியிருக்கிறது.

போன மாசிக் கூட்டத்தில் நான் இதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைத்தேன். இப்போது பதினொரு பேர் சேர்ந்திருக்கிறோம். கிழமைக்கு 20 டொலர். ஒருவரின் கையில் காசு இல்லை, மூன்று பேர் கையெழுத்து வைத்தால்தான் வங்கியில் எடுக்கலாம். முதல் வருடம் கடன் இல்லை, சேமிப்பு மட்டும். கடன் தொடங்க முதல் இந்த நாட்டுச் சட்டப்படி எப்படிப் பதிய வேண்டும் என்று கணக்காளர் ஒருவரிடம் கேட்டிருக்கிறோம். பிணை வேண்டும் என்றபோது இரண்டு பேர் எழும்பிப் போனார்கள். "எங்களில நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவர் சீட்டில் என்னைப் போலவே காசு விட்டவர். திரும்ப வருவார் என்று நினைக்கிறேன்.

எங்கட ஊர் வழக்கப்படி வருடப் பிறப்பன்று அப்பு கைவிசேடம் தருவார். வெற்றிலையில் வைத்து, இரண்டு ரூபாய்க் குற்றி. கையில் வாங்கின உடனே திரும்ப வாங்கிக்கொண்டு போய்ச் சங்கத்தில் எங்கட பெயரில் போட்டுவிடுவார். நாங்கள் அழுவோம். அப்பு 2011 இல் காலமானார். போன கிழமை அம்மா அந்தக் கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினா, எங்கட புதுக் கொப்பிக்குக் கோடு போட மாதிரி வேண்டும் என்று நான் கேட்டதால். ஒரு பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. 2001 சித்திரை, கைவிசேடம், ரூபாய் 2. நிலுவை, ரூபாய் 314. அதை இண்டைவரை ஒருவரும் எடுக்கவில்லையாம்.